முழங்கால் துள்ளும் வரை

புதுவயல் அரிசி ஆலையிலிருந்து வந்தவள்.
பெயர் பூமயில். முப்பத்தொரு வாரம்.
தலைமுடியில் இன்னும் தவிடு.
"கண்ணுக்குள்ள மின்மினி பறக்குதும்மா" என்றாள்.
அப்படிச் சொல்பவர்களை நான் உட்கார விடுவதில்லை.

நூற்றெழுபது, நூற்றுப்பத்து.
லூர்து சிஸ்டர் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை,
கையுறைமேல் எழுதிக் காட்டினார்.
கால் வீங்கி மெட்டி சதைக்குள் இறங்கியிருந்தது.
வெட்டி எடுத்து
இழுப்பறையில் போட்டேன்.

அந்த இழுப்பறையைப் பற்றிப் பிறகு.

இருபத்திரண்டு வருஷம்
தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவே
என் வேலை இதுதான்:
நல்ல சேதி சொல்லும் துறையில்
சந்தேகத்தைச் சொல்பவள்.
பக்கத்து அறை டாக்டருக்குக் கற்கண்டு வரும்,
எனக்குக் கோப்பு வரும்.

அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால்
படியிறங்குமுன் நகத்தால் சுரண்டிவிடுவார்கள்.
அபசகுனமாம்.
ஒரு தை மாதம் மஞ்சள் மசிக்கு மாறினேன்.
மஞ்சளைச் சுரண்ட யாருக்கும் மனசு வரவில்லை.
ஒரு மாமியார் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.
அவர் ஒற்றிக்கொண்டது
'இரட்டை, ரத்தம் ஏழு, முந்தையது சிசேரியன்.'

கானாடுகாத்தான் உமையாள்
பிள்ளை கூட்ட நாள் குறித்த மறுவாரம்
நாற்பத்துமூன்று வயதில் உண்டாகியிருந்தாள்.
சர்க்கரையைக் கேட்கவில்லை, அழுத்தத்தைக் கேட்கவில்லை.
"அந்தப் பையன்கிட்ட என்ன சொல்றது டாக்டர்?"
அதற்கு என்னிடம் மாத்திரை இல்லை.

தெய்வானை.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி, பதினொரு நிமிஷம்.
தணிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது,
தாமதம் எங்கே என்று.
'வழியில்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அன்றுமுதல் அந்தக் கேட்கீப்பரின் எண்
என் கைப்பேசியில் 'அ' என்ற பெயரில் இருக்கிறது.
அவசரத்தில் முதலில் வரட்டும்.

பூமயிலுக்கு மெக்னீசியம் ஏறுகிறது.
கூடினால் மூச்சு நிற்கும்,
குறைந்தால் வலிப்பு.
நடுவில் இருப்பது ஒரு ரப்பர் சுத்தியல்.
மணிக்கொருமுறை முட்டிக்குக் கீழே தட்டுவேன்.
கால் துள்ளினால் அடுத்த ஊசி.
உள்ளே ஆள் உண்டா என்று
கதவைத் தட்டுவதுதான்.

பத்து மணிக்குக் குழந்தையை எடுத்தோம்.
ஆயிரத்து இருநூற்று முப்பது கிராம்.
ஆலைத் தரையில் ஒரு நாளைக்குச் சிந்துவது
அதைவிடக் கூடும்.
அழுகை தாமதமாக வந்தது,
கோபமாக வந்தது.

பன்னிரண்டு. துள்ளியது.
ஒன்று. துள்ளியது.
இரண்டு, துள்ளியது என்றுதான் எழுதியிருக்கிறேன்.
மூன்றுக்குத் துள்ளவில்லை.

ஊசியைத் தட்டில் திருப்பி வைத்தேன்.
கால்சியத்தைக் கையில் பிடித்தபடி
மூச்சை எண்ணினேன். பதினான்கு.
லூர்து சிஸ்டர் ஜெபமாலையை எடுத்தார்,
பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு
சிறுநீர்ப் பையின் அளவைப் படித்தார்.
முப்பது. முப்பத்தைந்து.
ஜெபத்தைவிட எனக்கு அது கேட்க நன்றாயிருந்தது.

மூன்று நாற்பதுக்கு மறுபடி தட்டினேன்.
தூக்கத்தில் கொசு விரட்டுகிறவள்போல
லேசாக ஒரு உதறல்.
சுவரில் சாய்ந்துகொண்டேன்.
வெளியே முதல் பேருந்து
அரியக்குடிப் பக்கம் ஹாரன் அடித்துப் போனது.

விடிந்ததும் கண்விழித்தவள் கேட்டாள்:
"எதுக்கும்மா ராத்திரி பூரா என் முட்டியத் தட்டுனீங்க?
வலிக்குது."
அப்புறம் குழந்தையைக் கேட்டாள்.
அப்புறம், "என் மெட்டி?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை.
இழுப்பறையில் வெட்டுப்பட்ட வெள்ளி,
முப்பதோ நாற்பதோ.
பிழைத்துப் போனவர்கள் புதிதாக வாங்கியிருப்பார்கள்.
மீன் பொறித்தது தெய்வானையுடையது.
அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தேடுகிறேன்.
தவிடு ஒட்டிய ஒன்று,
இங்கேதான்
எங்கேயோ.